பள்ளத்தில் குப்பை அள்ளி முடித்த பிறகு என்ன செய்வது? (கோவை, சங்கனூர்ப் பள்ளத்தின் கிளை ஓடை)

பள்ளத்துக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையின் வடபகுதியில், சங்கனூர்ப் பள்ளத்தில் போய்ச் சேரும் சிறிய கிளைப் பள்ளம் ஒன்றின் கரையில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை இதில் மணல் கிடந்ததாகவும், மழை பெய்த மறுநாள் பிள்ளைகள் இறங்கிக் குளித்ததாகவும் எங்கள் தெருவின் பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது ஆண்டு முழுவதும் கறுப்பு நீர்தான் ஓடுகிறது. சென்ற ஆண்டு முதல் எங்கள் குடியிருப்போர் சங்கத்தினரும், பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வேலை செய்து வருகிறோம்.

எங்கள் பகுதியில் சிறு பாலம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் குறுக்காகச் செல்லும் குடிநீர்க் குழாயில்தான் எல்லாம் வந்து சிக்கிக்கொள்கின்றன. பழைய சேலைகள், தலையணை, தெர்மாகோல் பெட்டிகள், கோழி இறகு அடைத்த சாக்குகள் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுவர்போல நிற்க, அதற்குப் பின்னால் ஆகாயத்தாமரை மண்டுகிறது. அதை வெட்டி இழுத்தால் நீர்மட்டம் கண்ணெதிரே இறங்குகிறது, மாணவர்கள் கைதட்டுகிறார்கள். ஆனால் சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்து வைத்திருந்தோம். எடுத்துச் செல்ல வண்டி வருமுன் மழை வந்துவிட்டது.

இப்போது எங்களுக்குள் மூன்று கருத்துகள் நிலவுகின்றன. இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர் எழுப்பி, அடியில் கான்கிரீட் போட்டுத் தரும்படி மனுக் கொடுத்தால் பிரச்சினை முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். கரை முழுவதும் மரக்கன்று நட்டால் குப்பை கொட்டுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடுவார்கள் என்பது இன்னொரு தரப்பு. ஆகாயத்தாமரையைப் பொக்லைன் வைத்து ஒரேயடியாக வழித்துவிட வேண்டும் என்பது மூன்றாவது தரப்பு. நீர்நிலைப் பணிகளில் அனுபவம் உள்ளவர்கள் எதை முதலில், எதைப் பின்னர் செய்ய வேண்டும் என்று வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம். பள்ளத்தில் மீண்டும் நல்ல தண்ணீர் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

மதகடி எழுதியது:

வணக்கம். நீர்வளப் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா முடிவுகளும் அதைப் பொறுத்தே அமையும். கோவை மழை குறைந்த ஊர். ஆண்டு மழை சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டிவிடும். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலே நகரத்துக்குள் பல மாதங்கள் வறண்டு கிடக்கும்போது, அதற்குத் துணையான பள்ளங்கள் ஆண்டு முழுவதும் ஓடியிருக்க வழியில்லை. உங்கள் தெருப் பெரியவர்கள் மணலைப் பற்றிச் சொல்வதைக் கவனியுங்கள். மழை பெய்தால் சில நாட்கள் ஓடி, பிறகு மணலாகக் கிடப்பதுதான் அதன் இயல்பு. சித்திரையில் அங்கே தண்ணீர் ஓடுகிறதென்றால் அது முழுக்க முழுக்க வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வருகிற கழிவுநீர்.

ஆகவே உங்கள் முயற்சி வெற்றி பெற்றால் பள்ளம் வறண்டுவிடும். இதை உங்கள் குழுவில் இப்போதே பேசி ஒப்புக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் கழிவுநீர் நின்ற பிறகு, "இருந்த தண்ணீரும் போய்விட்டதே" என்று வருத்தப்படுகிறவர்கள் வருவார்கள். தென்கொரியத் தலைநகர் சியோலில் 2005-இல் மீட்டெடுத்த சொங்கெசொன் ஓடையின் படங்களைக் காட்டி, இதுபோல ஆக்க முடியாதா என்று பலரும் கேட்பதுண்டு. 5.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஓடையில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 டன் என்ற அளவில், ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுவது. மின்விசை நின்றால் அதன் ஓட்டமும் நின்றுபோகும். நமக்கு அது வேண்டியதில்லை.

முதல் வேலை நடப்பது. மழை இல்லாத கோடை நாளில், பள்ளம் தொடங்கும் இடம்வரை கரையோரமாக மேல்நோக்கி நடந்து செல்லுங்கள். எந்த இடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு பருமனுள்ள குழாயோ சாக்கடையோ வந்து விழுகிறது என்பதைக் கைப்பேசியில் இடக்குறிப்புடன் படமெடுத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து விழும் நீரை ஒரு வாளியில் பிடித்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 15 லிட்டர் வாளி ஆறு நொடியில் நிரம்பினால் நொடிக்கு இரண்டரை லிட்டர். நம் நாட்டுத் திட்டக் கணக்குப்படி நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தந்தால், அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். அந்தக் கணக்கில் நொடிக்கு இரண்டரை லிட்டர் என்பது 2,000 பேரின், அதாவது வீட்டுக்கு நால்வர் என்றால் ஏறக்குறைய 500 வீடுகளின் கழிவுநீர். ஒரே குழாயில் அவ்வளவு வருகிறதென்றால் ஒரு வீட்டாரையோ ஒரு தெருவையோ குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை, அல்லது எங்கோ அடைத்துக்கொண்ட குழாயின் நீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

காலை ஏழு மணிக்கு ஒரு முறையும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறையும் அளந்து பாருங்கள். காலையில் மட்டும் பெருகினால் அது வீடுகளிலிருந்து வருவது. நாள் முழுதும் ஒரே அளவில் ஓடினாலோ, நள்ளிரவுக்குப் பின் நிறம் மாறி ஓடினாலோ வேறு ஆளைத் தேட வேண்டும். எண்ணெய்ப் படலமும் வெள்ளைக் கொழுப்புக் கட்டிகளும் மிதந்தால் உணவகம் அல்லது திருமண மண்டபம். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் நீங்கள் கொடுக்கும் மனு, "பள்ளம் நாறுகிறது" என்று தொடங்காமல், "இன்ன பாலத்துக்கு மேற்கே இத்தனை மீட்டர் தொலைவில், இடது கரையில் ஒரு குழாய்" என்று தொடங்கும். முன்னதற்கு அலுவலகங்களில் கிடைக்கும் பதில் உங்களுக்கே தெரியும். பின்னதற்கு ஓர் உதவிப் பொறியாளராவது நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டும்.

சேற்றைப் பற்றி ஒரு சொல். தூர்வாரிய சேறு அன்றே அங்கிருந்து போய்விட வேண்டும். வண்டிக்கு முதலில் ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு மண்வெட்டியை எடுங்கள். இப்போது உங்கள் கரையில் மீதமிருக்கும் சேற்றையும் அடுத்த மழைக்குள் அப்புறப்படுத்தப் பாருங்கள்.

புலப்படம் எழுதியது:

பொறியாளர் ஐயா சொன்ன நடைப்பயணத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை ஆவணம் தேடுவது. வழக்குரைஞர் என்ற முறையில் அதை மட்டும் சொல்கிறேன்.

பள்ளம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அகலம் ஒன்று. வருவாய்ப் பதிவேட்டில் இருக்கிற அகலம் இன்னொன்று. கிராமக் கணக்கில் அது ஓடைப் புறம்போக்கு என்றோ வாய்க்கால் புறம்போக்கு என்றோ தனிப் புல எண்ணுடன் இருக்கும். ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும் பதிந்திருக்கும் 'அ' பதிவேட்டையும், அதன் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். மாநகர எல்லைக்குள் வந்துவிட்ட பகுதிகளுக்கு நகர நில அளவைப் பதிவேடு தனியாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நகர அளவையின்போதோ, 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போதோ பள்ளத்தின் ஒரு பகுதி வேறு வகைப்பாட்டுக்கு மாறியிருந்தால் இந்த ஒப்பீட்டில்தான் அது தெரியவரும். கிடைக்காத ஆவணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதன்பின் எல்லையை அளந்து கல் நடும்படி வட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். மரக்கன்று, வேலி, பெயர்ப்பலகை எதுவானாலும் கல் நட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் போதிய இடம் இருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஆக்கிரமித்தவருக்கு 7-ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து 6-ஆம் பிரிவின்படி அகற்ற வழி செய்கிறது. ஏரி, குளங்களுக்கென 2007-இல் தனிச் சட்டம் வந்தது. ஓடைப் புறம்போக்கு ஒன்றின் ஆக்கிரமிப்பு தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த எல். கிருஷ்ணன் வழக்கில், 2005-இல், மாநிலம் முழுவதும் உள்ள இயற்கையான நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்பை அகற்றும்படி அரசுக்கு உத்தரவிடப்பட்டது. கழிவைப் பொறுத்தவரை, 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஓடையில் மாசுப் பொருளை விடுவதையே தடை செய்கிறது.

இனிச் சொல்லப்போவது சட்டத்துக்கு வெளியே உள்ள என் சொந்தக் கருத்து. ஆக்கிரமிப்பு என்றவுடன் எல்லோருடைய கண்ணும் கரையில் தகரக் கூரை போட்டிருக்கும் ஏழைக் குடும்பங்களின் மீதுதான் விழுகிறது. அளந்து பார்த்தால், பள்ளத்தின் பாதியை விழுங்கியிருப்பது ஏதோ ஒரு வணிகக் கட்டடத்தின் வாகன நிறுத்துமிடமாகவும், தனி வீடுகளின் சுற்றுச்சுவராகவும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குடிசைகளில் இருப்பவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வழியாக, அவர்களுடைய வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் எட்டுகிற தொலைவில் மாற்று வீடு கிடைத்த பிறகே அந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்ற நிலைப்பாட்டை உங்கள் சங்கம் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவர்களுடைய வீடுதான். ஆகவே அவர்கள் உங்கள் குழுவிலேயே இருக்க வேண்டியவர்கள். எந்த நிலையிலும் தன்னார்வலர்கள் நேராகப் போய் யாருடைய சுவரையும் குழாயையும் தொடக் கூடாது. அந்த அதிகாரம் அரசு அலுவலருக்கு மட்டுமே உண்டு; மீறினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

தும்பி எழுதியது:

பூச்சிகளையும் பறவைகளையும் பார்த்துக் குறிப்பெடுப்பவள் என்ற முறையில் சில செய்திகள்.

பொக்லைன் வைத்து ஒரேயடியாக வழிப்பது வேண்டாம். அது ஆகாயத்தாமரையோடு கரையின் புல்லையும் கோரையையும் சேர்த்துச் சுரண்டிவிடும். பிறகு முதல் மழையிலேயே கரை சரிந்து, எடுத்த மண் மீண்டும் உள்ளே விழும். ஆகாயத்தாமரை கழிவுநீரிலுள்ள உரச்சத்தில் வளர்கிற செடி. சத்துள்ள நீரில் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகிவிடும். கழிவுநீர் வருகிறவரை அது வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே அதை ஒழித்துவிடுவோம் என்று சபதம் செய்யாமல், ஓட்டத்தை அடைக்கிற பாலத்தடிகளில் மட்டும், குறிப்பாகப் புரட்டாசி முடிவதற்குள், கையால் இழுத்து எடுங்கள். பூப்பதற்கு முன் எடுத்தால் விதை சேற்றில் விழாது. இழுத்துப் போட்டதைக் கரையில் வெயிலில் காயவிட்டால் எடை மிகவும் குறைந்துவிடும். வண்டிக்கும் வேலை குறையும்.

சம்புப் புல் தொடர்ச்சியாக நிற்கிற இடம் ஏதேனும் இருந்தால், ஓட்டத்துக்குத் தடையில்லாத ஒரு பக்கத்தில் அதை அப்படியே விட்டுவையுங்கள். கானாங்கோழிகள் மழைக்காலத்தில் அங்கேதான் கூடு கட்டும்.

நீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆய்வகத்துக்குப் போகுமுன் நீங்களே ஓரளவு அறியலாம். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் அடிச்சேற்றைச் சிறிது எடுத்து, தெளிந்த நீர் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். நூல் போன்ற இரத்தச் சிவப்பு நிறப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் அங்கே ஆக்சிசன் மிகக் குறைவு. கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத பூச்சி ஒன்றின் இளம்புழுவான அது, உடலில் உள்ள ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருளின் உதவியால் அந்த நீரிலும் உயிர் வாழக் கூடியது. வால் நீண்ட புழுக்கள் வந்தால் நிலைமை இன்னும் மோசம். தட்டான்களின் இளம்புழுக்கள் ஒன்றிரண்டு தலைகாட்டத் தொடங்கினால் மகிழ்ச்சி அடையலாம். பறவைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெடுங்கால் உள்ளான்கள் சாக்கடை நீரில் கூட்டமாக மேயும். அந்தச் சிவப்புப் புழுக்கள்தான் அவற்றுக்கு விருந்து. படத்தில் அழகாகத் தெரியும் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

மரக்கன்று நடுவதைப் பற்றி: பள்ளத்தின் அடியிலும் உட்சரிவிலும் மரம் வேண்டாம். மழைக்காலத்தில் அது குப்பையைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு குறுக்குக் குழாயாக மாறிவிடும். உட்சரிவில் வெட்டிவேரும் நாணலும் மண்ணைப் பிடிக்கப் போதும். அதற்கு மேலே நொச்சி. கரையின் தலைப்பில் நீர்மருது, புங்கன், நாவல், பூவரசு. சீமைக் கருவேலம் இருந்தால் வேரோடு எடுத்துவிட்டு, அதே வாரத்தில் அந்த இடத்தில் வேறொன்றை நட்டுவிடுங்கள். வெற்றிடமாக விட்டால் மீண்டும் அதுவே முளைக்கும். கொசுவுக்காகக் கப்பி மீன் கொண்டுவந்து விடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். பள்ளம் போய்ச் சேரும் குளங்களில் நம் நாட்டு மீன்களுக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை இருக்கிறது. கீழே இருக்கும் சிங்காநல்லூர்க் குளம் 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நீங்கள் மேலே விடுவதும் நிறுத்துவதும் அங்கேதான் கணக்காகும். டெங்குக் கொசுவோ பள்ளத்து நீரில் வளர்வதைவிட, கரையில் கிடக்கும் டயரிலும் காகிதக் கோப்பையிலும் தேங்கும் நல்ல நீரில்தான் வளர்கிறது. ஆகவே கரைக் குப்பையை வீண் வேலை என்று நினைக்க வேண்டாம்.

பள்ளத்துக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வறண்ட பள்ளம் என்ற செய்தியை எங்கள் குழுவில் பகிர்ந்தபோது முதலில் முணுமுணுப்பு எழுந்தது. பெரியவர்கள் சிலர், மணலில் கபடி ஆடிய கதையைச் சொல்லத் தொடங்கியதும் அடங்கியது. தடுப்புச் சுவர், கான்கிரீட் பற்றி மட்டும் இன்னும் தெளிவு வேண்டும். கரையோர வீட்டுக்காரர்கள் அதைத்தான் வலியுறுத்துகிறார்கள். கரை அரிக்கிறது என்ற அவர்களுடைய அச்சமும் நியாயமானதே.

மதகடி எழுதியது:

அச்சம் நியாயமானதே. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டி, அதில் பாதி ஓடி வந்தால் 25,000 கன மீட்டர். நொடிக்கு ஏறத்தாழ ஏழு கன மீட்டர். அவ்வளவும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் இந்தப் பள்ளம் வழியாகப் போக வேண்டும். சுவர் எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் இன்று மிஞ்சியிருக்கும் அகலத்துக்குத்தான் எழுப்புவார்கள். அதோடு ஆக்கிரமிப்புக்கு நிரந்தர அங்கீகாரம் கிடைத்துவிடும். அதனால்தான் எல்லைக் கல் முதலில் என்று வழக்குரைஞர் சொன்னதை வழிமொழிகிறேன். அடியில் கான்கிரீட் போட்டால் நீர் மண்ணுக்குள் இறங்காது. அதைவிட, வெள்ளம் வழவழப்பான தரையில் வேகமெடுத்துக் கீழே உள்ள தாழ்வான குடியிருப்புக்கு முன்னதாகவே போய்ச் சேரும். உங்கள் பிரச்சினையை அவர்கள் தலையில் கட்டியதாகிவிடும்.

வீடுகளை ஒட்டி உண்மையாகவே அரிப்பு இருக்கும் வளைவுகளில் மட்டும், கம்பிவலைக்குள் கருங்கல் அடுக்கிய கரையைக் கேளுங்கள். கற்களின் இடுக்கில் நீர் கசியும், செடி வேர் பிடிக்கும், அடித்தளம் சிறிது இறங்கினாலும் கரை உடையாமல் வளைந்து கொடுக்கும். அதற்கும் அடித்தோண்டல் இருப்பதால் வீட்டுச் சுவரை ஒட்டிய இடங்களில் பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் மண்ணைத் தொடக் கூடாது. மற்ற இடங்களில் சரிவான மண்கரையும் வெட்டிவேரும் போதும்.

அங் மோ கியோ வாசி எழுதியது:

கான்கிரீட் பற்றிய பேச்சு வந்ததால் சிங்கப்பூரிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் வீட்டருகே காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து, பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்குள் வளைந்து செல்லும், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள மண்கரை ஆறாக 2012-இல் மாற்றினார்கள். மழை பெய்தால் பூங்காவின் புல்வெளி வரை நீர் பரவும். எச்சரிக்கை ஒலி எழும். ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள். மழை விட்டபின் நீர் வடிந்துவிடும். கான்கிரீட் போட்டவர்களே அதை எடுத்தார்கள் என்பதை உங்கள் கரையோர வீட்டுக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இங்கே கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனிக் கால்வாய் என்று முழுமையாகப் பிரித்துப் பல காலம் ஆன பிறகுதான் இது நடந்தது. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் துப்புரவாக்கும் வேலை 1977-இல் தொடங்கி 1987 வரை, பத்தாண்டு நடந்தது. பன்றிப் பண்ணைகள், தெருவோரக் கடைகள், ஆற்றோரப் பட்டறைகள் எல்லாம் இடம்பெயர்ந்தன. அது அரசு தன் முழு வலிமையோடு செய்த வேலை. குடும்பங்கள் பட்ட பாடும் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒன்றால் அதைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். கழிவைப் பிரிப்பது முதலில், பூங்கா பிறகு என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு முகாம் எழுதியது:

கோவைக் குளங்களில் நடக்கும் வாரப் பணிகளில் பல ஆண்டுகளாகக் கலந்துகொள்கிறேன். உக்கடம் பெரியகுளத்தில் 2013-இல் தூர்வாரியபோது ஊரே திரண்டது. அந்த எழுச்சி வேண்டியதுதான். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு தொடர்ந்து வருகிற பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துத்தான் உங்கள் திட்டத்தைப் போட வேண்டும். ஆள் அதிகம் வருகிற நாளுக்குக் கரைக் குப்பை, செடி நடுதல் போன்ற பரந்த வேலை. ஆள் குறைந்த நாளுக்குக் குழாய்ப் பட்டியலைச் சரிபார்ப்பது, மனு எழுதுவது, முன்னர்க் கொடுத்த மனுவின் நிலையைக் கேட்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை குழுக்கள் இரண்டாம் வகை வேலையைச் சலிப்பு என்று விட்டுவிடுகிற இடத்தில்தான் தேங்கிப்போகின்றன.

மாணவர்களைச் சாக்கடை நீரில் இறக்க வேண்டாம். கரையிலிருந்து நீண்ட கொக்கியாலும் முட்கரண்டியாலும் இழுக்கக் கூடியதை மட்டும் இழுக்கட்டும். முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி, தடித்த கையுறை, தடுப்பூசி ஆகியவை இல்லாத யாரும் கருவியைத் தொடக் கூடாது. காலில் புண் இருக்கிறவர்கள் அன்றைக்குப் பெயர் எழுதும் வேலை பார்க்கட்டும். எலிக்காய்ச்சல் புண் வழியாக எளிதில் ஏறும். மறுவாரத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், சாக்கடையோரம் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆள்நுழைவுக் குழிக்குள் தலையை நீட்டுவதுகூடக் கூடாது. பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடும் இல்லாமல் அந்த வேலைக்கு மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நச்சு வாயுவுக்குத் தன்னார்வலர், தொழிலாளர் என்ற வேறுபாடு தெரியாது.

உங்கள் பகுதித் தூய்மைப் பணியாளர்களிடம் பேசினீர்களா? எந்தக் கடையின் கோழி இறகு எந்த நேரத்தில் பள்ளத்துக்கு வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நாங்கள் ஓரிடத்தில் கண்காணிப்புக் கேமரா வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பணியாளர் அம்மா, கடைக்காரர்களுக்குக் கழிவு வண்டி வரும் நேரமும் கடை அடைக்கும் நேரமும் ஒத்துவரவில்லை என்று சொன்னார். வண்டி நேரத்தை மாற்றியபின் இறகு மூட்டைகள் பெருமளவு நின்றன. அபராதப் பலகையால் ஆகாதது அதில் ஆனது. பாலத்தடிக் குடிநீர்க் குழாயைச் சற்று உயர்த்தி மாற்றிப் பதிக்கும்படியும் தனியாக ஒரு மனுக் கொடுங்கள். சிறிய வேலை, ஆனால் உங்கள் குப்பைச் சுவர் அதில்தான் தொடங்குகிறது.

பள்ளத்துக்கரை எழுதியது:

மிக்க நன்றி. நடைப்பயணத்தைச் சித்திரை முதல் வாரத்துக்குள் முடிப்பதென்றும், அதற்கு முன் புலப்பட வரைபடத்தை எடுத்துவிடுவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். தூய்மைப் பணியாளர்களை அடுத்த கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். கடைசியாக ஒரு கேள்வி: குழாய்களில் ஏதாவது ஒன்று தொழிற்கூடத்திலிருந்து வருவதாகத் தோன்றினால் நாங்களே மாதிரி எடுத்துச் சோதிக்கலாமா?

மதகடி எழுதியது:

எடுக்கலாம், உங்கள் அறிவுக்காக. சுத்தமான புட்டியில், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். நாள் தவறினால் உயிர்வேதி ஆக்சிசன் தேவையின் அளவு, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிசனின் அளவு, பொய்யாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: குளிப்பதற்கு ஏற்ற நீரில் அது லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, கரைந்த ஆக்சிசன் ஐந்துக்குக் குறையக் கூடாது. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரிலேயே முன்னது 200-க்கு மேல் போவது வழக்கம்.

புலப்படம் எழுதியது:

நீதிமன்றத்தில் அந்த மாதிரி செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 1974 சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலர், இடத்துக்குப் பொறுப்பானவருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு எடுத்தால்தான் சான்றாகும். ஆகவே உங்கள் சோதனை முடிவை இணைத்து, நிறம் மாறும் நேரத்தையும் குறித்து, அந்த நேரத்திலேயே வந்து மாதிரி எடுக்கும்படி வாரியத்துக்கு எழுதுங்கள்.